மணிக்காவலன் என் கற்பனை என்று சொன்னேன்

மாதேஷ் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டான். நான் பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யினால், தன் வலது கையின் மூன்று விரல்களைத் தன் தவறால்தான் இழந்ததாக அவன் இன்றும் நம்புகிறான். உண்மை எனக்குத் தெரியும். என் நாட்குறிப்பில் இருக்கிறது. இடம், நேரம், சொன்னவர் பெயர், சொன்ன வார்த்தைகள்... எல்லாம்!

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்ல வேண்டிய ஒரே மனிதன் தினமும் காலை ஆறு பத்துக்குத் தொழிற்சாலை வாசலில் எனக்கு வணக்கம் வைக்கிறான். அவனிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

முறையாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஓசூரில் வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. மத்திகிரியில் மாடி வீடு. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்பும் முன், காலையில், முந்தைய நாளை எழுதுவேன். தொழிற்சாலையில் என் பெயரே 'டைரி சார்'தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நால்வர் உட்காருவோம். கதையாட்டம் ஆடுவோம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்... ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. வாயும் பகடையும் போதும். பெங்களூரிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பொறியாளர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், ஆட்டம் எங்களிடம் தங்கிவிட்டது.

கதையை நடத்துவது நான். ஆடுபவர்கள் மூவர். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பிரிவின் லைன் லீடர் தனபால். ஸ்டோர்ஸில் இருக்கும் நாகராஜ். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றாவது, மாதேஷ். காவேரிப்பட்டினத்துப் பக்கத்துக்காரன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிரஸ் இயந்திரத்தில் விரல்கள் போன பிறகு, வாசலில் வண்டிகளைப் பதிவு செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். அவனை எங்கள் மேசைக்கு அழைத்து வந்தவரே தனபால்தான். "பகடை உருட்ட ஒரு கை போதும் சார்" என்றார்.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள்.

எனக்கு ஒரு நல்ல வில்லன் வேண்டியிருந்தது.

கதையை நடத்துபவனுக்கு வில்லன்தான் எல்லாம். கதாநாயகர்களை ஆடுபவர்கள் கொண்டுவந்துவிடுகிறார்கள். வில்லன் மட்டும்தான் நம்முடையவன். நான் கொண்டுவந்த வில்லன்களோ... மந்திரவாதி, கொள்ளைக்காரன், ஒற்றைக்கண் தளபதி! நான் கரகரத்த குரலில் மிரட்டினால் மேசை சிரிக்கும்.

"அண்ணா, இவன் போன மாசம் செத்தவன்தானே? மீசைய மட்டும் எடுத்துட்டு வந்துட்டானா?" என்பான் நாகராஜ்.

"வுடுப்பா, அவனுக்கும் வேற வேலை கெடைக்கல போல" என்பான் மாதேஷ்.

நானும் சிரிப்பேன். மறுநாள் காலை நாட்குறிப்பில் எழுதுவேன்: 'நேற்றும் சிரித்தார்கள்.' நான்கு ஆண்டுகளில் அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன்! எனக்கு அந்த மேசை ஒரே ஒரு முறை வாயடைத்துப் போக வேண்டும் என்றிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இப்படியும் ஒரு வெறி பிடிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். பிடித்தது.

எங்கள் பிரிவில் 'ஏன்-ஏன் தாள்' என்று ஒன்று உண்டு. ஒரு பழுது வந்தால், அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். வரும் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து முறை. ஐந்தாவது ஏனில் வேர் கிடைக்கும். அந்த வேர் ஒருபோதும் 'ஆள் சரியில்லை' என்று முடியக்கூடாது. ஆளை அப்படிச் செய்ய வைத்தது எதுவோ அதில் முடிய வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதை நான்தான் வகுப்பெடுக்கிறேன்.

ஒரு நாள் தோன்றியது... வில்லனுக்கும் ஏன்-ஏன் தாள் எழுதினால் என்ன? அவன் ஏன் கொன்றான்? ஏன் அஞ்சினான்? ஏன் மறைத்தான்? ஐந்தாவது ஏனில் அவனை வெறுக்க முடியாமல் போனால், அவன்தான் சரியான வில்லன்!

தாள் கிடைத்துவிட்டது. நிரப்ப ஆள் இல்லை. என் வாழ்க்கையில் நான் யாரையும் அவ்வளவு ஆழமாக அறிந்ததில்லை. ஒருவரைத் தவிர.

தனபாலை.

அதற்கு முந்தைய ஆண்டு, கிருஷ்ணகிரியில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு அவருடைய வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. சூளகிரிக்கு அருகே ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். மாதேஷின் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, என்ன வாங்கலாம் என்று நான் கேட்டேன். அவ்வளவுதான். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த விபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த பிரஸ் இயந்திரத்தின் முன்னால் ஒளித்திரை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். கை உள்ளே போனால் கதிர் தடைபட்டு இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆனால் எண்ணெய் தெறித்தாலும் நிற்கும், தூசி பட்டாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் உற்பத்தி லைனே நின்றுபோகும். மேலிருந்து தனபாலுக்கு ஏச்சு விழும். விபத்துக்கு முந்தைய ஒரு வாரமாக அவர் இயந்திரத்தின் மின்பெட்டிக்குள் ஒரு சாண் ஒயரைச் சேர்த்து அந்தத் திரையைச் செயலிழக்க வைத்திருந்தார். இயக்குபவனிடம் சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க மாதேஷ் கையை உள்ளே விட்டான். திரை நிறுத்தும் என்று நம்பினான்.

எல்லோரும் மாதேஷைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, தனபால் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்.

பிறகு சோதித்தார்கள். திரை ஒழுங்காக வேலை செய்தது!

"அந்த லைட்டு ஒரு ஷிஃப்டுக்கு நாப்பது தடவ பொய் சொல்லும் சார்" என்றார் தனபால். "நாப்பத்தொண்ணாவது தடவ நெஜம் சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கிளாஸில் மிச்சமிருந்த டீயை மழையில் ஊற்றினார்.

"டிரெஸ்ஸிங்குக்கு ஆறு மாசம் நான்தான் அவன வண்டியில கூட்டிட்டுப் போனன். அண்ணா அண்ணான்றான் சார்... இத உங்க டைரில எழுதிடாதீங்க."

எழுதினேன். 'எழுத வேண்டாம் என்றார்' என்பதையும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கையும் சேர்த்து.

உங்களிடம் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்த விபத்துக்கு ஏன்-ஏன் தாள் எழுதியது நான். திரை சோதனையில் தேறிவிட்டது என்று சொன்னார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐந்தாவது கட்டத்தில் 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். வகுப்பில் எழுதக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுப்பதையே எழுதினேன். தனபால் சொன்ன பிறகாவது அதைத் திருத்தியிருக்கலாம். திருத்துவதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது!

நான் என்ன செய்தேன்? அதை வைத்து ஒரு வில்லனைச் செய்தேன்.

என் கதையில் ஒரு அணை. அணையில் ஒரு மணி. நீர் அளவுக்கு மேல் ஏறினால் மிதவை உயர்ந்து மணி அடிக்கும். ஆற்றுப்படுகையில் இருப்பவர்கள் கரையேறி ஓடுவார்கள். ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் அரசனின் ஆலைகள் நிற்கும். சின்ன அலைக்கும் மணி அடித்தது. மணியைக் காப்பவன் ஒரு நாள் அதன் நாக்கில் துணியைச் சுற்றினான். வெள்ளம் வந்தது. ஒரு படகுத்துறையே அடித்துச் செல்லப்பட்டது. அவன் துணியை அவிழ்த்தான். நீதிபதி வந்து அடித்துப் பார்த்தார், மணி கணீரென்றது. காது கொடுக்காதது மக்களின் குற்றம் என்று தீர்ப்பு.

அதன் பிறகு அந்த மணிக்காவலன் தினமும் தப்பிப் பிழைத்தவர்களின் குடிசைகளுக்குச் சோறு சுமந்து போகிறான்.

இந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கு மெய் சிலிர்த்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்... மகிழ்ச்சியில்!

தனபால் அதே மேசையில் உட்காரப்போகிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மாதேஷ்? அவனும்தான். அணை, மணி, அரசன் என்று மாற்றிவிட்டேனே, யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஆழத்தில் வேறொன்றும் இருந்தது. அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் காட்சிக்கு உயிர் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஏழு ஞாயிறுகள் ஆடினோம். மணிக்காவலனை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சோறு கொண்டுவரும் நல்லவன். மாதேஷ் ஒரு படகோட்டியாக ஆடினான். வெள்ளத்தில் தம்பியைப் பறிகொடுத்தவன். அவனுடைய படகோட்டி மணிக்காவலனைத்தான் "அண்ணா" என்று கூப்பிட்டான். தனபால் அந்த வாரங்களில் அதிகம் பேசவில்லை. நான் கவனித்தேன். நாட்குறிப்பில் குறித்தேன். நிறுத்தவில்லை.

ஏழாவது ஞாயிறு உண்மை வெளிப்பட்டது. மணியின் நாக்கில் ஒட்டியிருந்த நூலைப் படகோட்டி கண்டுபிடித்தான்.

"ஏன்ணா?" என்று கேட்டான் மாதேஷ், படகோட்டியாக. "சோறெல்லாம் போட்டியே... ஏன்ணா?"

மணிக்காவலனாக நான் பதில் சொன்னேன். ஏறத்தாழ தனபாலின் குரலிலேயே சொன்னேன்.

"அந்த மணி ஒரு நாளைக்கு நாப்பது தடவ பொய் சொல்லும். நாப்பத்தொண்ணாவது தடவ நெஜம் சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேசை வாயடைத்துப் போனது.

நான் நான்கு ஆண்டுகள் ஏங்கிய மௌனம்! தெருவில் போகும் டவுன் பஸ்ஸின் சத்தம்கூடக் கேட்டது. நாகராஜ் வாயைத் திறந்தபடி இருந்தான். கடைசியில் அவன்தான் பேசினான்.

"அய்யய்யோ அண்ணா... இவன அடிக்கவும் மனசு வரல, வுடவும் மனசு வரல. தனபாலண்ணா, உங்க முறை. என்ன பண்றீங்க?"

தனபால் கையில் பகடை இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பகடையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"என் ஆளு போயிட்டான்னு எழுதிக்கங்க சார்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதன்பின் வரவில்லை. அடுத்த மாதமே கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். என் அழைப்பை எடுப்பதில்லை. எதற்கு எடுக்க வேண்டும்?

அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம். வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்கு அருகே மாதேஷ் எனக்காகக் காத்திருந்தான்.

"சார், ஒண்ணு கேக்கறன். நேராச் சொல்லுங்க."

"கேளுப்பா."

"அந்த மணிக்காரன் கத... உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ரெண்டு நாளா தூக்கமில்ல சார். அன்னிக்கு அந்த லைட்டு நிறுத்தலன்னு நான் அப்பவே சொன்னன். யாரும் நம்பல. அப்பறம் எனக்கே நம்பிக்க போயிடுச்சு. இப்ப நீங்க அந்தக் கதயச் சொன்னதும்... தனபாலண்ணா எழுந்து போனதும்... சார், நெஜமாவே கததானா?"

பாருங்கள், அவன் கதவைத் தானே திறந்து வைத்திருந்தான்! ஒரு சொல் போதும். 'இல்லை' என்ற ஒரே சொல்.

நான் ஏன் சொல்லவில்லை? தனபாலுக்குக் கொடுத்த வாக்கு என்று பல நாள் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வாக்கை ஏழு ஞாயிறுகளாக நானே கிழித்துப் போட்டிருந்தேன். விபத்துத் தாளில் இருக்கும் என் கையெழுத்து, வேலை, பெயர்... அந்த அச்சமும் இருந்தது. ஆனால் அவை பிறகு வந்தவை. முதல் நொடியில் வந்தது வேறு.

அவன் என் வில்லனை என்னிடமிருந்து பறிக்கிறான் என்று தோன்றியது!

ஆம். அதுதான். ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்கோ, 'இது உன் சொந்தக் கற்பனைதானா?' என்று யாரோ என் திறமையைச் சந்தேகிப்பதாகக் கேட்டது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல வில்லன்... அவனை நான் செய்யவே இல்லை என்று எப்படி ஒப்புக்கொள்வேன்?

"கததான்பா" என்றேன். "எனக்காத் தோணினது."

"லைட்டு, சார்?"

"அதான் டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களே மாதேஷ். நல்லாத்தானே இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவன் தோளில் கை வேறு வைத்தேன்.

அவன் தலையாட்டினான். லேசாகச் சிரித்தான். "நானும் அப்படித்தான் நெனச்சன். வூட்ல சொன்னதுக்கு அவளும் அதான் சொன்னா. உன் தப்ப மறைக்க ஒரு கத கெடச்சுதான்னு கேட்டா." பிறகு, "ஆனா சூப்பரா செஞ்சிருந்தீங்க சார். எப்படித்தான் தோணுதோ உங்களுக்கு!" என்றான்.

அந்தப் பாராட்டு அப்போதும் இனித்தது. இதையும் எழுதுகிறேன். உங்களுக்கு என் மேல் இரக்கம் ஏதாவது மிச்சமிருந்தால் அது இங்கே தீர்ந்துவிட வேண்டும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பொய்யோடு வாழ்ந்துவிடலாம், பலர் வாழ்கிறார்கள்.

ஆனால் மாதேஷ் அடுத்த கதையைத் தானே நடத்துவதாகச் சொன்னான். நானும் நாகராஜும் ஆட வேண்டும். வில்லனுக்கு ஏன்-ஏன் தாள் எழுதும் முறையை என்னிடம் கற்றுக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து, இடது கையால் எழுதிய தாளோடு வந்தான்.

அவனுடைய வில்லன் ஒரு கோபுரக் காவலாளி. எதிரி வருவதைப் பார்க்காமல் விட்டுவிட்டான், ஊர் எரிந்தது. ஏன் பார்க்கவில்லை? கவனம் சிதறியது. ஏன் சிதறியது? பழக்கம். ஏன்? சின்ன வயதிலிருந்தே அப்படி. நான்காவது கட்டமும் ஐந்தாவது கட்டமும் ஒன்றேதான்: 'அவன் அப்படிப்பட்டவன்.'

தாளின் கீழே, அடையாளம் என்ற இடத்தில் ஒரு வரி: 'தன் பிள்ளையைத் தூக்க மாட்டான். கீழே போட்டுவிடுவோம் என்று பயம்.'

மாதேஷின் மகளுக்கு ஏழு வயதாகிறது. அவன் அவளைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. மூன்று விரல் இல்லாததால் என்று நினைத்திருந்தேன்.

"மாதேஷ்... வில்லனுக்கு ஒரு காரணம் வேணும்பா" என்றேன். "ஆள்ல முடிக்கக்கூடாது. நான் சொல்லியிருக்கன் இல்ல?"

"எல்லாருக்கும் காரணம் இருக்குமா சார்? சில பேரு தப்பானவங்கதான்."

சென்ற ஞாயிறு அந்தக் கதையின் கடைசி நாள். எரிந்த ஊரின் நடுவே காவலாளி மண்டியிட்டிருந்தான். என் பாத்திரம் அவன் முன்னால் வாளோடு நின்றது. நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். கோழையின் முயற்சி... கதைக்குள் ஒளிந்துகொண்டு!

"நான் வாளைக் கீழ வைக்கறன்" என்றேன். "அந்தக் கோபுரத்துல ஏறிப் பாக்கறன். எதிரி வந்தா எரியற தீப்பந்தம் ஏதாவது இருந்திருக்கும். அத யாராவது அணைச்சாங்களான்னு தேடறன்."

நாகராஜ் என்னை விநோதமாகப் பார்த்தான். "என்ன அண்ணா, வில்லனுக்கே வக்கீலா?"

மாதேஷ் சற்று யோசித்தான். கதையை நடத்துபவன் அவன். அவன் சொல்வதுதான் அந்த உலகத்தின் உண்மை.

"தேடிப் பாத்தீங்க சார். பந்தம் நல்லாத்தான் இருக்குது. யாரும் தொடல. டெஸ்ட் பண்ணியாச்சு."

அவன் கேலியாகச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கதையை நியாயமாக நடத்த வேண்டும் என்ற அக்கறை மட்டும்தான் அதில் இருந்தது.

"அடிங்கண்ணா!" என்றான் நாகராஜ்.

"அடிங்க சார்" என்றான் மாதேஷ். "இவன வுட்டா இன்னும் நாலு பேரக் கொல்லுவான்."

அப்போது சொல்லியிருக்கலாம். மேசை, மூன்று பேர், பகல் வெளிச்சம். தடுக்க யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் கை பகடையை எடுத்துவிட்டது.

உருட்டினேன். பதினேழு. போதுமான எண்.

காவலாளி எப்படி விழுந்தான், எதைக் கடைசியாகப் பார்த்தான் என்று மாதேஷ் நிதானமாக, அழகாக விவரித்தான். நான் நடத்திய எந்தக் கதையிலும் அப்படி ஒரு சாவு வந்ததில்லை. நாகராஜ் கை தட்டினான்.

மாதேஷ் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் ஏதோ பாரம் இறங்கியவனுடைய களைப்பு.

"செத்தது சரிதானே சார்?" என்று கேட்டான்.

"சரிதான்பா" என்றேன்.